எண்பத்தொன்பது பைசாவுக்கு நாணயம் இல்லை

2025 ஐப்பசியில், தீபாவளி கழிந்து சில நாட்களுக்குப் பின், காரியாபட்டியைத் தாண்டித் திருச்சுழிப் பக்கமாக உள்ள ஒரு சிற்றூரின் பெட்டிக்கடையில் தேநீருக்காக நின்றிருந்தேன். கரிமூட்டம் போடும் இடத்திலிருந்து நேராக வந்திருப்பார் போலும், கை முழுக்கக் கரியோடு ஒரு பெண் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஒற்றை ரூபாய் ஷாம்பு, ஒரு பத்து ரூபாய் சோப்பு, ஐந்து ரூபாய்த் தேயிலைப் பொட்டலம், ஒரு தீப்பெட்டி, பிள்ளைக்கு ஐந்து ரூபாய் பிஸ்கட். காசைக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, வெலையெல்லாம் கொறைச்சுட்டாகன்னு டிவியில சொன்னாகளே?"

"பெரிய டப்பாவுக்குக் கொறைஞ்சிருக்கு தாயி. ஒத்த ரூவா சாமானுக்கு என்னத்தக் கொறைக்க?"

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு திரும்பிக் கணக்குப் போட்டபின் சிரிப்பு வரவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் மீதிருந்த சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. வரியோடு சேர்ந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பொருள், வரிக் குறைப்பு முழுவதும் வாங்குபவரைச் சேர்ந்தால், 89 பைசாவுக்கு விற்க வேண்டும். எண்பத்தொன்பது பைசாவுக்கு இந்த நாட்டில் நாணயம் கிடையாது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. ஐம்பது பைசா சட்டப்படி செல்லும். எந்தக் கடையில் செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தார் நேர்மையாளர்களாக இருந்தால் பொட்டலத்தில் சில துளிகள் கூட்டி ஊற்றலாம். ஊற்றினார்களா என்று அந்தப் பெண் எதைக்கொண்டு அளப்பார்?

நானூறு ரூபாய் ஷாம்பு புட்டி வாங்குபவருக்கு அதே வரிக் குறைப்பில் ஏறத்தாழ 44 ரூபாய் மிச்சம். அவர் புட்டியைத் திருப்பிப் பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து மகிழலாம். வரியைக் குறைப்பது ஏழைக்கு உதவி என்பதை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த உதவி போய்ச்சேர ஒரு வாகனம் வேண்டும். விலைதான் அந்த வாகனம் என்றால், அது ஒரு ரூபாய்க்குக் கீழே இறங்கிவரத் தெரியாத வாகனம். (சாஷே என்ற சிறு பொட்டலத்தில் ஷாம்புவை அடைத்து ஏழை எளியவரிடம் கொண்டுவந்த பெருமை கடலூர் சின்னிகிருஷ்ணனுக்கு உரியது. தமிழ்நாடு உலக வணிகத்துக்குத் தந்த கொடைகளில் அதுவும் ஒன்று. வரிக் கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் மட்டும் அது இன்னும் படவில்லை.)

தீப்பெட்டியின் கதை இன்னும் தெளிவானது. அது எங்கள் மாவட்டத்துச் சரக்கும்கூட. 2007-இல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 வரை ஒரு ரூபாயிலேயே நின்றது. அன்று இரண்டு ரூபாயாயிற்று. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அதன் மேல் எத்தனை வரிகள் ஏறி இறங்கின! 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5, இயந்திரத்தில் செய்ததற்கு 18. 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் பொதுவாக 12. விலையோ அசையவில்லை. அப்படியானால் ஏறிய வரியைச் சுமந்தது யார், இறங்கிய வரியை உண்டது யார்? தீப்பெட்டி வாங்கியவர் இல்லை. சாத்தூரிலும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் பெட்டி ஒட்டியவர்களின் கூலிக்கும், முதலாளியின் லாபத்துக்கும், பெட்டிக்குள் கிடக்கும் குச்சிகளின் எண்ணிக்கைக்கும் இடையே எங்கோ அது பங்குபோட்டுக் கொள்ளப்பட்டது. ஒற்றை ரூபாய் உலகத்தில் வரி விகிதம் என்பது வாங்குபவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செய்தி. அவர் வரியைச் செலுத்துகிறார். விகிதம் மாறுவதை அறியமாட்டார்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். நுகர்பொருள் வரியில் ஏழைக் குடும்பத்துக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், விகிதத்தைக் குறைப்பதும் பண்டங்களுக்கு விலக்களிப்பதும் போதாது. வாங்கிய வரியை அந்தக் குடும்பத்தின் கையில் பணமாகத் திருப்பித் தரவேண்டும். தரும்போது 'இது உன்னிடம் வாங்கிய வரி' என்று சொல்லித் தரவேண்டும். கையில் வந்து சேரும் ரூபாய் எந்த அளவுக்கு முக்கியமோ அந்த அளவுக்கு அந்தச் சொல்லும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

"வரியைத் திருப்பித் தருவதா, நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் இந்த வரி ஏற்கெனவே பலருக்குத் திருப்பித் தரப்படுகிறது. ஏற்றுமதியாளருக்குத் தரப்படுகிறது, கடல்தாண்டிப் போகும் சரக்கில் நம் வரியின் சுவடே இருக்கக் கூடாது என்பது கொள்கை. அயல்நாட்டுத் தூதரகங்களுக்கும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கும் தரப்படுகிறது. மத்திய சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. தில்லியிலுள்ள ஒரு தூதரகம் வாங்கும் நாற்காலிக்கும் விருந்துக்கும் உண்டான வரி, தனி அடையாள எண்ணோடு விண்ணப்பித்தால் திரும்பி வரும். ராணுவத்தினருக்கான கேன்டீன் துறை தான் வாங்கும் சரக்கின் மீதான வரியில் பாதியைத் திரும்பப் பெறுகிறது. இவை எதையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அன்னதானத்துக்கான திட்டம். 2018-இல் மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 'சேவா போஜ்' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. மாதம் குறைந்தது 5,000 பேருக்கு இலவசமாக உணவளிக்கும் கோயில், குருத்துவாரா, மசூதி, தேவாலயம், மடம் போன்றவை சமையலுக்கு வாங்கும் அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை அல்லது வெல்லம், எண்ணெய், நெய் ஆகியவற்றின் மீது செலுத்திய வரியில் மத்திய அரசின் பங்கைத் திருப்பித் தரும் திட்டம் அது. முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு 325 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல திட்டம். பசித்தவனுக்குப் போடும் சோற்றில் அரசு கை வைக்கலாகாது என்ற உணர்விலிருந்து பிறந்தது. ஆனால் அதன் தருக்கத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். திருச்சுழி வட்டாரத்துக் கூலிப்பெண் ஒருவர் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால், அந்தச் சோற்றுக்கான எண்ணெயின் வரி திரும்பி வரும் வழி உண்டு. அவரே மாலையில் வீட்டுக்கு வந்து, தன் கூலிக் காசில் எண்ணெய் வாங்கித் தன் பிள்ளைகளுக்குத் தாளித்துப் போட்டால் அந்த வரி திரும்பாது. பிறர் கையால் உண்ணும்போது ஏழை, தன் கையால் உண்ணும்போது வரி செலுத்தும் நுகர்வோர். அரசு மனத்தறிந்து இப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. விண்ணப்பம் எழுதக் கணக்காளர் வைத்திருக்கும் தரப்புகள் கேட்டன, பெற்றன. அந்தப் பெண்ணுக்குக் கணக்காளர் கிடையாது.

*

இந்த வரியின் பூர்வீகத்தைத் தேடினால் அது சென்னை ராஜதானிக்கே வந்து சேர்கிறது. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளிச் சிறைபுகுந்த ராஜாஜி, 1937-இல் முதல்வரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறையும் வருவாயை ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பரந்துபட்ட விற்பனை வரிக்கு முன்னோடி அதுதான். பிற மாகாணங்கள் பின்னர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. உப்பு வரியை எதிர்த்ததற்கான காரணங்களில் தலையானது, அது செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே அளவு, ஆகவே வறியவனுக்கே பாரம் என்பது. ஒன்பது ஆண்டுகளில் அதே கைகள் கடைச்சரக்கின் மீது வரி போட நேர்ந்ததை வரலாற்றின் முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ராஜாஜிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்று சொல்லவேண்டும்: கள்ளுக்கடையில் போய்ச்சேர்ந்த கூலிக்காசு வீட்டுக்குத் திரும்பும், அதிலிருந்து சிறு துளி அரசுக்கு வரட்டும் என்பது அவர் கணக்கு. ஏழை வீட்டில் நிகர லாபம் இருக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் ஒரு பக்கம் பிற்பாடு கிழிந்துபோயிற்று. மதுவிலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003 முதல் சில்லறை மது வணிகத்தை அரசு நிறுவனமே நடத்துகிறது. இழப்பை ஈடுகட்ட வந்த வரியும் போகவில்லை, ஈடுகட்டப்பட்ட வருவாயும் திரும்பி வந்துவிட்டது. இப்போது இரண்டையும் ஒரே வீடு செலுத்துகிறது. பெரும்பாலும் ஒன்றைக் கணவனும் மற்றொன்றை மனைவியும்.

உப்புக்கு இன்று வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில்லறையாக அளந்து விற்கும் அரிசிக்கும், காய்கறிக்கும், பாலுக்கும், சாதாரணப் பேருந்துக் கட்டணத்துக்கும் இல்லை. "ஏழை வாங்குகிற பொருளுக்கு வரியே இல்லையே" என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, விலக்கு என்பது வேறு, சுத்தமான சுழியம் என்பது வேறு. ஏற்றுமதிச் சரக்குக்கு உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் கட்டிய வரி திரும்ப வேண்டும் என்பது கொள்கை. உள்ளூரில் விற்கும் குதிரைவாலிக்கு விற்பனையில் வரி இல்லை, அவ்வளவுதான். அதை விளைவித்தவர் உரத்துக்குச் செலுத்திய 5 விழுக்காடும், இரசாயனப் பூச்சிமருந்துக்குச் செலுத்திய 18 விழுக்காடும், உழவு ஓட்டிய டிராக்டரின் டீசல் மேல் சுமந்த வரிகளும் எங்கும் திரும்பாமல் அந்தத் தானியத்துக்குள்ளேயே உறைந்து கிடக்கின்றன. துபாய்க்குப் போகும் பாசுமதி நம் வரியைக் கழற்றிவைத்துவிட்டுக் கப்பலேறுகிறது; காரியாபட்டிச் சந்துக்குள் விற்கும் குதிரைவாலி அதை அணிந்தபடியே அடுப்பேறுகிறது. மானாவாரிக் காட்டில் விளைவிப்பவரும் உண்பவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். இரண்டு முனையிலும் அவருக்கு ரசீது இல்லை.

இரண்டாவது, விலக்கின் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது. 2022 ஜூலை 18 அன்று, பையிலடைத்து முத்திரையிட்ட அரிசி, பருப்பு, மாவு, தயிர் ஆகியவற்றுக்கு 5 விழுக்காடு வரி வந்தது. தானியத்துக்கும் மாவுக்கும் 25 கிலோ வரையிலான பைக்குத்தான் அந்த வரி. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்குக் கிடையாது. நம் வணிகர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ மூட்டை போட்டார்கள். தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 என்ற எண் அப்படித்தான் வந்து நின்றது. மொத்தமாக ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எடுத்துவைக்க முடிந்தவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ பை வாங்குபவர், ஒரு கிலோ பருப்புப் பொட்டலம் வாங்குபவர் தப்பவில்லை. சட்டம் எழுதியவர் யாரும் ஏழையை வதைக்கவேண்டும் என்று அந்த 25-ஐ எழுதியிருக்க மாட்டார். ஆனால் அளவை வைத்துக் கோடு போட்டால், சிறு அளவில் வாங்குபவர் தலையில்தான் அது விழும். அந்த வரி நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்புதான், 2022 ஜூலை 16 அன்று, இலவசங்களை 'ரேவடி' என்ற வடநாட்டுத் தின்பண்டத்தோடு ஒப்பிட்டுப் பிரதமர் பேசினார். ஒரே வாரத்தில் இரண்டும் நடந்ததைக் கவனித்தவர்கள் குறைவு.

'இலவசம்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரி செலுத்துவோர் என்றால் நம் நடுத்தர வர்க்கத்துப் பேச்சில் வருமான வரி செலுத்துவோர் என்றே பொருள். மற்றவர்கள் 'நம் வரிப்பணத்தில்' அரிசி வாங்குபவர்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் பின்னால் நடக்கும் தேநீர்ப் பேச்சுகளில்கூட இதைக் கேட்டிருக்கிறேன், நல்ல வாசகர்களின் வாயிலிருந்தே. அவர்களுக்காக ஒரு தோராயக் கணக்கு. நால்வர் உள்ள ஒரு கூலிக் குடும்பம், 2025 செப்டம்பருக்குப் பிந்தைய குறைந்த விகிதங்களிலேயே எடுத்துக்கொள்வோம். இரண்டு கைபேசிகளுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ். ஒவ்வொன்றிலும் வரி 45 ரூபாய் 61 பைசா, இருபத்தெட்டு நாளுக்கொருமுறை. இரண்டு மாதத்துக்கு ஒரு எரிவாயு உருளை, 900 ரூபாய் என்று வைத்தால் வரி 43. மாதம் 350 ரூபாய்க்கு எண்ணெய், 800 ரூபாய்க்குத் தேயிலை, சர்க்கரை, சோப்பு, பிஸ்கட் வகையறா; வரி ஏறத்தாழ 55 ரூபாய். ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்குத் துணியும் செருப்பும், வரி 286. கூட்டினால் ஆண்டுக்கு 2,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். ஆக, ஏழு நாள் உழைப்பு. மொபெட்டுக்கு ஊற்றும் பெட்ரோலையும் டாஸ்மாக்கையும் நான் சேர்க்கவில்லை. அவை இந்த வரிக்கு வெளியே நிற்கின்றன, இதைவிடக் கடுமையாக. என் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் 'வரி கட்டாதவர்' என்ற சொல்லை இனி யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

*

வெளியூரில் எப்படி என்று பார்க்கலாம். வெளியூர் என்றாலும் அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய பொருள் சேவை வரி, 2024 ஜனவரியில் 9 விழுக்காட்டுக்கு வந்து நிற்கிறது. அங்கே அரிசிக்கும் வரி உண்டு. விலக்கு என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போடுவோம், ஏழைக்குப் பணமாகத் திருப்பித் தருவோம் என்பது அவர்களுடைய பாதை. 2012 முதல் அதற்கென்று நிரந்தரத் திட்டம் இருக்கிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டு என்று தமிழிலேயே அதற்குப் பெயர் சூட்டி அறிவிக்கிறார்கள். 2024-இல் தகுதியுள்ள ஒருவருக்கு அவர் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைப் பொறுத்து 850 அல்லது 450 வெள்ளி ரொக்கமாகக் கிடைத்தது. மின்கட்டணத்திலும் ஒரு கழிவு உண்டு. கடைச்சீட்டு எதையும் காட்டச் சொல்வதில்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். கொடுக்கும் பணத்தின் நெற்றியிலேயே, எதற்காக அது வருகிறது என்று எழுதியிருக்கிறது.

பிடிக்காததும் உண்டு. பற்றுச்சீட்டு குடிமக்களுக்கு மட்டும். நம் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கட்டுமான வேலைக்குப் போன இளைஞன் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வாங்கும் அரிசிக்கும் கைபேசி அட்டைக்கும் அதே 9 விழுக்காட்டைச் செலுத்துகிறான். ஆகஸ்ட் மாதத்தில் அவன் கணக்குக்கு எதுவும் வருவதில்லை. ஊரில் அவன் தாய் ஒருவகையில் செலுத்துகிறாள், அங்கே அவன் ஒருவகையில். இரண்டு அரசுகளுக்கும் அந்தக் குடும்பம் பற்று எழுதுகிறது. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

கனடாவில் 1991-இல் வரி வந்தபோதே அதற்கான ஈட்டுத்தொகையும் கூட வந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை குறைந்த வருமானக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரையிலான ஆண்டுக்குத் தனி நபருக்கு அதிகபட்சம் 519 டாலர். அகதிகளாகப் போய்ச் சேர்ந்து ஸ்கார்பரோவில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை பார்த்த ஈழத்தமிழர்கள் இந்தப் பணத்தை நன்கு அறிவார்கள். ஒரே நிபந்தனை: வருமானமே இல்லாவிட்டாலும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஏழையும் படிவம் கொடுக்கும் நாட்டில் அது எளிது. பிரேசிலில் ரியோ கிராண்டே டோ சுல் என்ற மாநிலம், நாடு முழுமைக்கும் காத்திராமல், 2021-இல் தன் பங்கு வரியை ஏழைக் குடும்பங்களுக்குத் தானே திருப்பித் தரத் தொடங்கியது. 2025-இல் நாட்டுக்கே அதை விரித்துச் சட்டம் செய்தார்கள். இந்தக் கடைசி உதாரணத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நம் சரக்கு மற்றும் சேவை வரியிலும் உள்மாநில விற்பனையில் சரிபாதி மாநிலத்தினுடையது. விகிதத்தை மாற்ற மன்றத்தின் முக்கால் பங்கு வாக்கு வேண்டும். தன் பாதியைத் திருப்பித் தர ஒரு மாநிலத்துக்குத் தன் சட்டமன்றத்தில் ஒரு நிதிநிலை அறிக்கை போதும்.

யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தமிழ்நாட்டில் உண்மையான சிக்கலே இல்லை. 2021-இல் கொரோனா நிவாரணமாக அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணைகளில் 4,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகவே கொடுத்து முடித்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று வரையறை வகுத்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்த்தார்கள். அந்த வரையறைகளில் குறைகள் உண்டு. இந்தப் பக்கத்துப் பத்து ஏக்கர் கரிசல் மழை பொய்த்த ஆண்டில் ஒரு குடும்பத்துக்கு என்ன தந்துவிடும் என்பது ஒன்று. ஆனால் வழி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது.

அந்த ஆயிரம் ரூபாய் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். உரிமைத் தொகை என்ற பெயர் எனக்கு உவப்பானதே; உதவித் தொகை என்று வைக்காததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எதன் மீதான உரிமை அது? பெண்ணின் கூலியற்ற வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. சரி. அப்படியானால் அது உழைப்புக்கான தொகை. அதே வீட்டிலிருந்து பெற்ற வரிக்கான கணக்கு தனியாக நிற்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைத் தீர்த்ததாகச் சொல்ல முடியாது. தவிர, வரி ஏறினால் அந்த ஆயிரம் ஏறாது. திருப்பித் தரும் தொகை என்று ஒன்று இருந்தால், மன்றம் கூடி எந்தப் பண்டத்தின் வரியை ஏற்றினாலும், அந்தத் தொகையை எவ்வளவு ஏற்றப்போகிறீர்கள் என்று மறுநாளே யாராவது கேட்பார்கள். வரிக்கும் வாங்கியவருக்கும் இடையே அப்படியொரு கயிறு இப்போது இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடைச்சீட்டைக் கொண்டுவந்தால்தான் பணம் என்று யாரும் திட்டம் தீட்டிவிடக் கூடாது. அந்தப் பெட்டிக்கடை அண்ணாச்சி போன்றவர்கள் பதிவெண் பெறுமளவுக்கு வியாபாரம் செய்பவர்கள் இல்லை. மொத்தக் கடையில் வரியோடு வாங்கி, அதை விலைக்குள் அடக்கி, சீட்டில்லாமல் விற்கிறார்கள். சீட்டுக் கேட்கும் திட்டம் மதுரையிலுள்ள குளிரூட்டிய அங்காடியின் வாடிக்கையாளருக்குத்தான் பயன்படும். அட்டையில் உள்ள தலைகளை எண்ணி, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரித் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். துல்லியமாக இராது. துல்லியம் தேவையுமில்லை, வாங்கும்போது அவ்வளவு துல்லியம் பார்க்கவில்லையே.

மதுரையில் பிறந்த நிதியமைச்சர் 2019-இல் தன் முதல் நிதிநிலை அறிக்கையில், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானைக் கவிதையை அவையில் சொன்னார். அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் மிதிபட்டு அழிவதே மிகுதி. நம்மில் பலர் புளகாங்கிதம் அடைந்தோம், நானும்தான். பிற்பாடு தோன்றியது, அந்தப் பாட்டில் வரி கொடுப்பவனுக்கு ஒரு வயலாவது இருக்கிறது. விளைந்த பின்பு, விளைந்ததிலிருந்து கேட்கிறார்கள். கரிமூட்டத்தில் நின்று கூலி பெறும் பெண்ணிடம் விளைச்சலைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. அவர் ஐந்து ரூபாய்த் தேயிலைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கவளம் போய்விட்டிருக்கிறது. பிசிராந்தையாருக்கு இப்படியொரு யானையைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மேலே போட்ட கணக்கில் மாநிலத்தின் பாதி மட்டும் என்றால் வீட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் அளவில் வரும். அதை இரண்டு தவணையாக, ஒன்றைப் பள்ளி திறக்கும்போதும் மற்றொன்றைப் புரட்டாசி விதைப்புக்கு முன்பும் தரலாம். இந்த வட்டாரத்தில் கையில் காசு அறவே இல்லாத நாட்கள் அவைதாம். டிராக்டர்காரர் கடனுக்கு உழுதுவிட்டு அறுவடையில் வட்டியோடு கேட்கும் பருவம் அது.

அன்று அந்தப் பெண் கொடுத்த பணத்தில் மீதி ஒரு ரூபாய் தரவேண்டியிருந்தது. அண்ணாச்சி கல்லாவில் துழாவினார். சில்லறை அகப்படவில்லை. கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அதற்கும் வரி உண்டு.